பங்குனி விளையில் கவாத்து: நாட்குறிப்பு

2025 மார்ச் 9, ஞாயிறு

குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு மேற்கே உள்ள எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், கிளைகளை வெட்டித் திருத்தும் கவாத்துக்கு முன் இன்று கத்தியைத் தொடாமல் மரங்களை மட்டும் சுற்றிப் பார்த்தேன். எல்லா மரமும் ஒன்றாக இலையுதிர்த்து ஒன்றாகத் துளிர்க்கும் பருவம் நம் ஊரில் இல்லை. ஆகையால் நாள் குறித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டுவது தவறு என்பதும், ஒரு மரம் எந்தக் கிளையில் பூக்கிறது என்று பார்த்த பிறகே அதில் கை வைக்க வேண்டும் என்பதும் என் உறுதியான எண்ணம். செம்பருத்தியும் கொய்யாவும் புதுத் தளிரில் மொட்டு வைக்கின்றன. மாமரம் முற்றிய கிளையின் நுனியில் பூப்பதால், காய் பறித்து முடியும்வரை அதைத் தொடுவதற்கில்லை. சக்கையோ, அதாவது பலாவோ, அடிமரத்திலும் தடித்த கொப்பிலும் காய்க்கிறது.

முற்றத்துக் கொன்றை இலைகளைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. மதில்மேல் சாய்ந்த கிளையைக் குறைக்கலாமா என்று நான் அண்ணாந்து நிற்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பாட்டி, “இப்பம் அதத் தொடாண்டாம் மக்ளே, கனிக்குப் பூ வேண்டாமா?” என்றார். சித்திரை விசு அன்று விடியலில் கண்விழித்ததும் முதலில் பார்க்கும் கனித் தட்டுக்குக் கொன்றைப் பூ வேண்டும்; அவர் சொன்னதே சரி.

மார்ச் 16, ஞாயிறு

செம்பருத்தியை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் தங்காதபடி சாய்வாக வெட்டினேன். நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருப்பதால், நுனி போனதும் உறங்கிக் கிடந்த கணுக்கள் விழித்துக்கொள்ளும். உள்கிளை ஒன்றில் மாவுப்பூச்சி பஞ்சுபோல அப்பியிருக்க, எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அதை மட்டும் தனியே எரித்தேன். கொய்யாவில் போன பருவத்துக் கிளைகளின் நுனியை ஒரு சாண் அளவுக்கு நறுக்கினேன்.

மார்ச் 29, சனி

செம்பருத்தியின் கணுக்களில் அரிசி அளவில் செந்தளிர் தெரிகிறது. பிச்சிக் கொடியைத் தொடவில்லை; அதற்குரிய கவாத்து மார்கழி, தை மாதங்களில் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றைய வேலை பெரியது. வீட்டு ஓட்டின்மேல் நீண்டிருந்த சக்கைக் கொப்பை இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே இறக்கியாக வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தின் ரப்பர், தென்னை, வாழைத் தோட்டங்களை எப்படிச் சாய்த்தது என்பதைப் பார்த்தவர்கள் கூரைமேல் கனத்த கொப்பை விட்டுவைக்க மாட்டார்கள்.

மரமேறும் அண்ணன் முதலில் கொப்பைக் கயிற்றால் மேல்கிளையில் கட்டினார். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்புறத்தில் கால் பங்கு அறுத்தார். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்ததும் கொப்பு பட்டையைக் கிழிக்காமல் முறிந்து கயிற்றில் தொங்கியது. இந்தக் கீழ்வெட்டை விட்டதால்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே மரத்தில் முழ நீளத்துக்குப் பட்டை உரிந்து, அந்த இடம் இன்றும் உளுத்துக் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

மிச்சக் கட்டையை அறுப்பதில்தான் கவனம் வேண்டும். கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போலப் புடைத்த கழுத்து ஒன்று இருக்கிறது. அதைச் சேதப்படுத்தாமல், அதன் விளிம்பை ஒட்டி அறுக்க வேண்டும். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, உள்ளே தடுப்புகளை எழுப்பிக் கெட்ட பகுதியை அடைத்துவிடுகிறது என்று எண்ணற்ற மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. காயத்தின்மேல் பூசும் பூச்சு உளுப்பைத் தடுப்பதில்லை என்பதும் அவர் கண்டது. ஆகவே நான் சாணமோ தாரோ பூசவில்லை. பால் ஒட்டாமலிருக்க ரம்பத்தில் தடவிய தேங்காயெண்ணெய் மட்டும் வெட்டின் ஓரத்தில் மினுங்கியது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை விசு. விடியுமுன் பாட்டியின் பேரன் மதிலேறிக் கொன்றைப் பூ ஒடித்துப் போனான். எங்கள் கனித் தட்டிலும் அதே மரத்துப் பூதான். மதில்மேல் சாய்ந்த அந்தக் கிளையில்தான் சரங்கள் அதிகம். பூ முழுவதும் உதிர்ந்த பிறகு, இரண்டாம் கவை வரை அதைக் குறைக்கலாம் என்று தண்டில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தேன்.

கொய்யாவின் புதுத் தளிர்களில் மிளகளவு மொட்டுகள் வந்துவிட்டன. சக்கையின் வெட்டில் பால் காய்ந்து பழுப்பேறியிருக்கிறது; விளிம்பில் விரலால் தடவினேன், பட்டை எங்கும் கிளம்பவில்லை.