சேருவில செம்புக்கல்லப் பாக்கப் போன பயணம்

ராத்திரிதான் மட்டக்களப்புக்கு வந்து இறங்கினன், இடுப்பு இன்னும் நோகுது, ஆனா இத எழுதாம படுக்க ஏலாது. முதல்ல அந்த பஸ்ஸப் பத்திச் சொல்லோணும். மூதூர் பக்கம் போற பிரைவேட் பஸ், வாழைச்சேனை தாண்டுறதுக்குள்ளயே ஆள் ஏத்தி ஏத்தி நேரத்தத் திண்டுட்டான், சீட் நிறைஞ்ச பிறகும் மிதிபலகையில தொங்கத் தொங்க ஆள், காது கிழியப் பாட்டு வேற, மிச்சக்காசக் கேட்டா கண்டக்டர் "இறங்கக்க தாறன்" எண்டான், கடைசி வரைக்கும் தரவே இல்ல. நூறு ரூவா எண்டாலும் அது என்ட காசு. இப்ப இரிக்கிற விலைவாசிக்கு இது பச்சை அநியாயம்.

வாகரையில சாப்பிட்டதாலதான் கோவம் கொஞ்சம் இறங்கிச்சு. தகரக் கூரை போட்ட ரோட்டோரக் கடை, ஒரு அக்கா மட்டும்தான் சமையலும் பரிமாறலும். முருங்கையிலை போட்ட களப்பு நண்டுக் கறி, கூனிச் சம்பல், சுடச்சுடச் சோறு. "இன்னுங் கொஞ்சம் குழம்பு விடவா தம்பி" எண்டு கேட்டுக் கேட்டு ஊத்தினா. ஆளுக்கு 700 ரூவா. டவுன்ல இதுக்கு ரெண்டு மடங்கு குடுத்தாலும் இந்த ருசி வராது, சத்தியமா.

வெருகல்ல முந்தி பாதையில, அதான் ஆள், வாகனம் ஏத்துற மிதவையில ஏறித்தான் ஆத்தக் கடக்கணும், இப்ப பாலம். மகாவலியிட கிளைதான் இந்த ஆறு. அதக் கடந்தா திருகோணமலை மாவட்டம். சேருநுவரயில இறங்கி ஆட்டோ புடிச்சம். போய்வர 1500 எண்டு பேசினவன், திரும்பி வந்த பிறகு உள் ரோட்டு மோசம் எண்டு 3000 கேக்கிறான்! என்னோட வந்த மச்சான் சத்தம் போட்டுத்தான் 2000ல முடிஞ்சது. போறவங்க, அங்க நிக்கிற நேரத்தையும் சேத்து ஏற முன்னமே பேசிக்கொள்ளுங்க.

சரி, இடத்துக்கு வாறன். சேருவில விகாரைக்கு ஆக்கள் நிறையப் போவாங்க, ஆனா கிட்டவே அரிப்பு பக்கம் செம்பும் இரும்பும் கலந்த கல்லுப் படிவு ஒண்டு இரிக்கு எண்டு எத்தின பேருக்குத் தெரியும்? சுரங்க வாய், தண்டவாளம் எல்லாம் எதிர்பாக்காதீங்க. 1970களிட தொடக்கத்துல பாறை, கனிமம் ஆராயிற அரசாங்கப் புவிச்சரிதவியல் திணைக்களம் கண்டுபுடிச்சு, துளை போட்டுப் பாத்துட்டு விட்ட இடம். இப்ப பத்தையும் கல்லும் வெயிலும்தான்.

மச்சான் பழைய ஸ்பீக்கர்ல கழட்டின காந்தத்த நூல்ல கட்டிக் கொண்டு வந்திருந்தான். கைக்குள்ள அடங்குற ஒரு கறுத்த கல்ல எடுத்தா, அந்தச் சைசுக்கு நம்பேலாத பாரம். காந்தத்தக் கிட்டக் கொண்டு போக முன்னமே நூல் வளைஞ்சு டக்கெண்டு ஒட்டிச்சு. இதுதான் மேக்னடைட் எண்ட இரும்புத் தாது, சுத்தமானது எண்டா அதுல 72 வீதம் இரும்பு. இன்னொரு கல்லு உடைஞ்ச பக்கத்துல பித்தளை மஞ்சள்ல சின்னச் சின்னப் புள்ளி, அதுதான் சால்கோபைரைட் எண்ட செம்புத் தாது. அதுல செம்பு, இரும்பு, கந்தகம் மூண்டும் கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு. மழை பட்ட பக்கம் மட்டும் கோயில் செம்புக் குடத்துல களிம்பு புடிச்ச மாதிரிப் பச்சை. எனக்குக் கை நடுங்கிப் போச்சு, அவ்வளவு சந்தோசம்.

இந்தக் கல்லு இருக்கிற இடத்தப் பாருங்க. மட்டக்களப்பு, அம்பாறை எல்லாம் நிக்கிறது விஜயன் தொகுதி எண்ட பாறையில, அதுல நிறையப் பாறைக்கு 100 கோடி வருஷ வயசு. மலைநாட்டுப் பாறை வேற, அது உயர்நிலத் தொகுதி. 55, 60 கோடி வருஷத்துக்கு முன்னம் கோண்ட்வானா எண்ட பழைய பெருங்கண்டம் ஒண்டு சேரக்க இந்த ரெண்டும் முட்டி ஒட்டிச்சு. அந்த ஒட்டு வழியிலதான் சேருவில செம்பு, எங்கட அம்பாறை மகாஓயாச் சுடுதண்ணிக் கிணறும் அந்த வழியிலதான், தெக்க உஸ்ஸன்கொடயில நிக்கல் கலந்த பாறையும் அதே வழி. எங்கட பள்ளிக்கூடத்துல இத ஒருத்தரும் சொல்லித் தரல்ல, மகாஓயாவுக்கு டூர் கூட்டிப் போனாலும் முட்டை அவிச்சுத் திண்டுட்டு வாறதோட சரி.

மகாவம்சத்துல துட்டகைமுனு ராசா ருவன்வெலிசாய தாதுகோபம் கட்டின கதையில, அனுராதபுரத்துக்குக் கிழக்கால ஏழு யோசனை (யோசனை எண்டா பழைய காலத்துத் தூர அளவு) தூரத்துல, ஆத்துக்கு அங்கால செம்பு வெளிப்பட்டதா வரும். அது இந்தப் பக்கம்தான் எண்டு தொல்லியல் ஆக்கள் சொல்றாங்க, மேப்ல பாத்தா அனுராதபுரத்துக்கு நேர் கிழக்காலதான் சேருவில. இந்த மாதிரிக் கல்ல அப்பிடியே உருக்கேலாது, முதல்ல வறுத்துக் கந்தகத்தப் போக்கணும், மறுகா கரி அடுப்புல துருத்தி ஊதி 1085 பாகை செல்சியசுக்கு மேல சூடேத்தணும். அந்தக் காலத்து மனிசர் இதக் கையால செஞ்சிருக்காங்க! நாங்க வந்த வழியிலயே கதிரவெளியில பெருங்கற்காலப் புதைகுழிகள் இரிக்கு, அதுக்கும் இதுக்கும் தொடர்பு தேடி யாராச்சும் ஒழுங்கா ஆராயணும்.

இத இப்ப தோண்டணுமா? வேணாம் எண்டுதான் நான் சொல்லுவன். கந்தகம் கலந்த கழிவுக் கல்லுல காத்தும் தண்ணியும் பட்டா அசிட் தண்ணி ஊறும், சுத்திவர வயல், வாய்க்கால். வாகரையில இல்மனைட் எண்ட கறுத்த தாது மண்ண அள்ளுறதுக்கு எதிராவே சனம் எவ்வளவு போராடுது. ஆனா மூண்டு மொழியில ஒரு போர்ட், ஒரு கண்ணாடிப் பெட்டியில நாலு கல்லு, இதுக்குக் கூடவா காசில்ல?

கல்ல அங்கேயே வச்சிட்டுத்தான் வந்தம், நீங்களும் எடுக்காதீங்க, தோண்டவும் நினைக்காதீங்க, 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டப்படி அதுக்கு லைசன்ஸ் வேணும். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் போகாதீங்க, வெருகல் பக்கம் வெள்ளம் வரும். மூடின சப்பாத்து, தண்ணிப் போத்தல், காந்தம் கட்டாயம். சாப்பாடு, பஸ், ஆட்டோ எல்லாம் சேத்து ரெண்டு பேருக்கு 6000 ரூவாக்குள்ள முடிக்கலாம்.