நான்கு ஆலமரத்து மாதாவிடம் பூ கேட்டேன்

போப்பாண்டவர் ரங்கூன் வந்துபோன மூன்றாவது மாதம், 2018 பிப்ரவரியில், ஞாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போனோம். நான், என் மகன், மேல் வீட்டு அக்கா என்று மூன்று பேர். அக்கா எங்கள் கிறிஸ்தவ வேதம் இல்லை. வெள்ளிக்கிழமை காளி கோயில், செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில், பிப்ரவரி வந்தால் ஞாங்லேபின் என்று அவருக்கு ஒரு கணக்கு. கேட்டால், "அம்மா வீட்டுக்குப் போக யாரைக் கேட்கணும்?" என்பார்.

ஞாங்லேபின் என்றால் பர்மிய மொழியில் நான்கு ஆலமரம். பெகு தாண்டி, டைக்கு, பியூன்டசா எல்லாம் கடந்து, மாந்தலே போகும் ரயில் பாதையில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வயல் வேலை பார்த்து வாழ்கிறார்கள். அதனால் திருவிழாக் கூட்டத்தில் பர்மிய செபமாலை ஒரு பக்கம், கரேன் என்ற பர்மா இன மக்களின் பாட்டு ஒரு பக்கம், நடுவில் திடீரென்று "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று நம் குரல் கேட்கும். அப்போது வரும் அழுகைக்குக் காரணம் கேட்காதீர்கள்.

நான் போனது ஒரு காரியமாக. மகன் மலேசியாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று நின்றான். ஏஜென்ட் பணம் கேட்டுக்கொண்டிருந்தார். அனுப்புவதா வேண்டாமா என்று இரண்டு மாதமாக ஆண்டவரிடம் அடையாளம் கேட்டுக்கொண்டிருந்தேன். பைபிளைக் கண்ணை மூடித் திறந்து விரலை வைத்துப் பார்த்தேன். குறிப்பேடு முதல் நூல் வந்தது; இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று ஒரு பக்கம் முழுக்கப் பேர்கள்தான். சரி, தவறாகத் திறந்துவிட்டேன் என்று மறுபடி திறந்தேன். பைபிளில் கிதியோன் என்பவர் கம்பளியை வைத்துக் கடவுளிடம் அடையாளம் கேட்ட கதை தெரியும்தானே? முதல் ராத்திரி கம்பளி மட்டும் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்றார், அப்படியே நடந்தது. மறுநாள், இல்லை, கம்பளி காய்ந்து தரை நனைய வேண்டும் என்றார். கேட்டது கிடைத்த பிறகும் மாற்றிக் கேட்கும் அந்த மனுஷரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் ஆள்.

அக்காவிடம் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு? பூக் கட்டிப் பார்" என்றார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு, சாமி முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம். எங்கள் சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார். இருந்தாலும் செய்தேன். சுற்றுப்பிரகாரப் பவனி முடிந்து, மெழுகுதிரிகள் அணையத் தொடங்கிய நேரம், மாதாவின் குகைக் கெபிக்கு முன்னால் ஒரு ஓரமாக இரண்டு பொட்டலத்தையும் வைத்துவிட்டுப் பிள்ளை தேடப் போனேன். முகத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு கரேன் சிறுமியை அவள் அம்மாவிடம் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தால், பொட்டலங்கள் இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு தொண்டர் பையன் உருகிய மெழுகு, வாழையிலை, பிளாஸ்டிக் பையோடு சேர்த்து வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாகக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தான்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது, பையன் மேல் அல்ல. மாதாவை நிமிர்ந்து பார்த்தபடி நின்றேன். அப்போதுதான் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது.

1858-இல் பிரான்ஸ் நாட்டு லூர்து நகரத்திலும் ஒருவர் பூ கேட்டார். பெர்னதெத் என்ற 14 வயதுப் பெண், விறகு பொறுக்கப் போன இடத்தில் ஒரு அம்மாவைப் பார்த்ததாகச் சொல்கிறாள். பங்குச் சாமியார் பெயிரமால் நம்பவில்லை. "அந்த அம்மா பேரைச் சொல்லட்டும், குகையில் இருக்கும் காட்டு ரோஜாச் செடியைப் பூக்க வைக்கட்டும்" என்று அடையாளம் கேட்டார். குளிர்காலம், செடி மொட்டையாக நிற்கிறது. பெர்னதெத் போய்ச் சொன்னாள். அந்த அம்மா புன்னகைத்தார், அவ்வளவுதான். ரோஜா பூக்கவில்லை. மார்ச் 4-ஆம் தேதி அற்புதம் பார்க்க ஆயிரக்கணக்கில் கூடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மார்ச் 25 அன்று பேர் மட்டும் வந்தது: "நாமே அமல உற்பவம்", அதாவது ஜென்மப் பாவம் இல்லாமல் கருவானவர். அதுவும் பிரெஞ்சில் இல்லை, அந்தச் சிறுமி வீட்டில் பேசுகிற ஊர்ப் பேச்சில். பெர்னதெத்துக்கு அதன் அர்த்தம் தெரியாது; மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே சாமியாரிடம் ஓடினாள்.

இன்னொன்று. 18 காட்சிகள் கண்ட அந்தப் பெண்ணை நம்பலாமா என்று ஆயர் விசாரித்துச் சொன்னது 1862-இல்தான். நாங்கள் போய்வந்த அதே 2018 பிப்ரவரியில் லூர்து மாதாவின் 70-ஆவது அற்புதத்தை அறிவித்தார்கள்; ஒரு கன்னியாஸ்திரீ நோயிலிருந்து சுகமானது அது. அந்தக் கன்னியாஸ்திரீ சுகமானது 2008-இல். பத்து வருஷம் டாக்டர்கள் தோண்டித் துருவியிருக்கிறார்கள். எனக்கோ விடிவதற்குள் பதில் வேண்டும், அதுவும் கலர் கலராக. பெர்னதெத் ஆஸ்துமாவோடேயே இருந்து 35 வயதில் செத்துப்போனார் என்பதையும் அங்கே நின்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பாயில் வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. பக்கத்தில் மகன் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். அவன் உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது. எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

விடியற்காலைப் பூசை முடிந்து ரயிலுக்குக் காத்திருந்தபோது அவன் பிளாஸ்டிக் பையில் டீ வாங்கி வந்தான். அக்கா பெட்டியில் ஏறியதுமே தூங்கிவிட்டார். பியூன்டசாவில் வண்டி நின்றது. இரண்டு மாதத்தில் பைபிளைக் கேட்டேன், மாதாவைக் கேட்டேன், பூவைக் கூடக் கேட்டேன்; இவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏன்டா போகணும்னு நினைக்கிற?"

அவன் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "இப்பத்தான் கேட்கத் தோணுச்சாம்மா?" என்றான். அப்புறம் பேச ஆரம்பித்தவன், வண்டி பெகு தாண்டும்வரை நிறுத்தவில்லை.