கரைந்துபோன சீனி

இன்று காலை சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் பக்கத்து மேசை. கோலாலம்பூரில் செம்பனைக் கம்பெனி ஒன்றில் நிதித் தலைவராக இருக்கும் தம்பி ஊருக்கு வந்திருக்கிறான். கூட வந்த மாமா விடுவதாக இல்லை.

"உன் கம்பெனி பங்கு வாங்கலாமாடா? சும்மா சொல்லு."

தம்பி தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"இன்னும் மூணு வாரத்துல காலாண்டு முடிவு வருது மாமா. நானே தொடக்கூடாது."

அறிவிப்புக்கு முந்தைய 30 நாளும் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் விதியில் மூடிய காலம்; கம்பெனியின் உயர் பொறுப்பில் இருப்பவர்கள் அதன் பங்கைத் தொடக்கூடாது. அவசரமென்றால் முன்கூட்டியே பகிரங்கமாக அறிவித்து, ஒரு முழுச் சந்தை நாள் கழித்து வாங்கலாம், விற்கலாம். ஆனால் வெளிவராத லாப நட்டம் தெரிந்தவனுக்கு அந்த வழியும் இல்லை. பங்கு வாங்கப்போகிறவர் காதில் அதைப் போடுவதும் குற்றம்தான், மாமாவாக இருந்தாலும். 2007 மூலதனச் சந்தைச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை, அபராதம் பத்து லட்சம் வெள்ளிக்குக் குறையாது.

தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுக் குழம்பை மோப்பத்திலேயே சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சொந்தத்திடம் மறைப்பது என்றாலே திமிர் என்றுதான் நினைப்போம்.

மாமா முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் ரொட்டி சானாய்க்கும் தம்பிதான் காசு கொடுத்தான்.