மஞ்சப்பையோடு அந்தமானுக்கு

எங்கள் சித்தப்பாவுக்குக் காகிதத்தின் மேல் இருக்கிற பக்தி கொஞ்சநஞ்சமில்லை. நீடாமங்கலம் பக்கத்தில் பத்து மா நிலம், குறுவையும் தாளடியும்தான் பிழைப்பு. கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் போனால் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒரு நகல் குறைந்தால் மூட்டை மழையில் நனையும். அதனால், அந்தமானில் குடியிருக்கும் மகள் "ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்று கூப்பிட்டதும், அவர் முதலில் ஓடியது ஜெராக்ஸ் கடைக்கு.

"கடல் தாண்டிப் போறோம், பாஸ்போர்ட் வேணாங்கிறியே தம்பி?"

"நம்ம நாடுதான் சித்தப்பா. போட்டோ போட்ட அடையாள அட்டை ஒண்ணு போதும். ஆதார், வாக்காளர் அட்டை, எதுவா இருந்தாலும் சரி."

அவர் நம்பவில்லை. விஷயம் டீக்கடைக்குப் போனது. அங்கே ஒருவர், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டதை எடுத்தார். நாலு மணி நேரப் பயணம், அதற்கே பாஸ்போர்ட் கட்டாயம். அந்தமானோ சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல். "பக்கத்துல இருக்கிறதுக்கே பாஸ்போர்ட் கேக்குறான், அவ்வளவு தூரத்துக்குச் சும்மா விடுவானா?" என்றார் சித்தப்பா. ஓய்வுபெற்ற தலையாரி ஒருவர் லட்சத்தீவை இழுத்துவிட்டார். அதுவும் நம் நாடுதான், ஆனால் வெளியாட்கள் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கச்சத்தீவு இலங்கைக்குச் சொந்தம், ஆனால் அந்தோணியார் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட் இல்லாமலே போய் வரலாம்.

சித்தப்பா கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆக, நம்ம தீவுக்குச் சீட்டு வேணும், அடுத்தவன் தீவுக்கு பாஸ்போர்ட் வேணாம். இதுல நீ சொல்றதை நம்பி நான் ஏரோப்ளேன் ஏறணுமா?"

உள்ளபடி எனக்கும் பதில் இல்லை. டீ மாஸ்டர்தான் காப்பாற்றினார். "ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில மாநக்கவாரம்னு நிக்கோபார் பேரே வருது. அவர் எந்தக் கார்டைக் காட்டினாராம்?"

"புலிக்கொடி வெச்சிருந்தாருய்யா. நம்மகிட்ட என்ன இருக்கு?"

அப்புறம் பெயர்ப் பிரச்சினை. ஆதாரில் இனிஷியல் பின்னால், வாக்காளர் அட்டையில் முன்னால், பாஸ்புக்கில் இனிஷியலே கிடையாது. டிக்கெட் போடும் இடத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம். நம் ஊரில் யாருக்கு இருக்கிறது கடைசிப் பெயர்? ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். போதாக்குறைக்கு போர்ட் பிளேரின் பெயரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. "ஊருக்கே பேர் மாறியிருக்கே, அதுக்குக் கெசட் நகல் எடுத்தியா?" என்று ராத்திரி பத்து மணிக்குப் போன்.

மன்னை எக்ஸ்பிரஸில் ஏறும்போது மஞ்சப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். உள்ளே பட்டா, சிட்டா, அடங்கல், ரேஷன் கார்டு, பயிர்க் காப்பீட்டு ரசீது, சித்தியின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்.

விமான நிலைய வாசலில் துப்பாக்கியோடு நின்ற வீரர் ஆதாரைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டி உள்ளே விட்டுவிட்டார். அரை நிமிடம் ஆகியிருக்காது. சித்தப்பா நகரவில்லை. "பட்டா பாக்கலையா சார்?" என்று பையை விரித்தார். அந்த வீரருக்குத் தமிழ் தெரியாதது எங்கள் நல்ல நேரம்.

அங்கே போனபின் நன்றாகத்தான் பொழுது போனது. சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கே இருட்டிவிடுவதுதான் சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர் நேரத்தையே அங்கேயும் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னதும், "அப்போ சூரியனுக்குத்தான் பேப்பர் சரியில்லை" என்றார். மூட்டை தூக்குபவர், காய்கறிக்காரர் என்று வழியெல்லாம் தமிழ் கேட்டதில் பையை ஒருநாள் வீட்டிலேயே விட்டுவிட்டு வரும் அளவுக்குத் தைரியம் வந்தது.

திரும்பும்போது ஆதாரை எடுத்து அவரே கம்பீரமாக நீட்டினார். அதெல்லாம் சரியாகப் போனது. ஸ்கேனரில்தான் பை நின்றது. மஞ்சப்பையின் அடியில், அடங்கல் நகலில் பொட்டலம் கட்டி, சித்தி கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைப் பவளத் துண்டு இரண்டும் ஒரு பெரிய சிப்பியும். கரையில் கிடப்பதைத் தீவை விட்டு எடுத்து வரக்கூடாது. சிப்பி கடையில் வாங்கியது என்றால் ரசீது காட்ட வேண்டும்.

"பில் ஹை?" என்றார் அதிகாரி.

சித்தப்பா மேசை மேல் எல்லாவற்றையும் பரப்பினார். பட்டா, சிட்டா, மார்க் ஷீட், போன வருஷத்து உர ரசீதுகூட இருந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"ஏங்க, இத்தனை பேப்பர் தூக்கிட்டு வந்தீங்களே," என்றாள் சித்தி, "ஒரு சிப்பிக்கு ஒரு சீட்டு இல்லியா?"