சட்டைப் பொத்தான் அளவு மைக்கில் பெரியப்பாவின் நாதஸ்வரம்

பெரியப்பாவின் வாசிப்பைப் பதிந்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. செல்போனில் எடுத்தால் மேல் ஸ்தாயி போகும்போதெல்லாம் ஒலி உடைந்து கரகரத்தது. சரி, நாமே ஒரு மைக் செய்து பார்ப்போம் என்று கும்பகோணத்தில் ஒரு கடையில் சட்டைப் பொத்தான் அளவு மைக் மூன்று வாங்கினேன். கடைக்காரர்கள் 'கண்டென்சர் மைக்' என்பார்கள். சரியான பெயர் எலெக்ட்ரெட்.

முதலாவது சால்டரிங் சூட்டிலேயே போய்விட்டது. இரண்டாவதில் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தேன், சத்தமே இல்லை. வெளி உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கும் காலே மைனஸ் என்பதை அப்புறம்தான் மல்டிமீட்டர் வைத்துக் கண்டுபிடித்தேன். இரண்டு பென்சில் செல், 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். மூன்றாவது பேசியது.

பழைய கண்டென்சர் மைக்குக்குப் பத்துக்கணக்கான வோல்ட் வேண்டும், இதற்கு மூன்றே வோல்ட் எப்படிப் போதும்? தேடியபோதுதான் ஜேம்ஸ் வெஸ்ட் தெரியவந்தார். 1931-இல் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பின அமெரிக்கர். எட்டு வயதில் பழைய ரேடியோவைப் பிளக்கில் செருகி ஷாக் வாங்கியவர். அதற்குப் பிறகும் மின்சாரத்தை விடவில்லை! கறுப்பினத்தவருக்கு இயற்பியலில் வேலை கிடைக்காது, மருத்துவம் படி என்றது வீடு. கேட்கவில்லை. 1957-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். காது கேட்கும் திறன் பற்றிய ஆராய்ச்சிக்கு ஹெட்போன் செய்யப்போய், மெல்லிய பிளாஸ்டிக் படலம் வெளி மின்சாரத்தை எடுத்த பிறகும் மின்னேற்றத்தைப் பிடித்துவைத்திருப்பதைக் கவனித்தார். 1962-இல் சக ஆய்வாளர் கெர்ஹார்ட் செஸ்லரோடு சேர்ந்து அப்படியொரு படலத்தில் இந்த மைக்கைச் செய்தார், 1964-இல் காப்புரிமை. என் இரண்டு செல்லும் உள்ளே இருக்கும் சின்ன டிரான்சிஸ்டருக்குத்தான், மின்னேற்றத்தைத் தானே பிடித்துவைத்திருக்கும் படலத்துக்கு இல்லை.

பதிவுதான் பெரும்பாடு. இரண்டடியில் வைத்தால் நாதஸ்வரம் மைக்கை அடித்து நொறுக்கியது. நாதஸ்வரத்தின் அகன்ற முனையான அணசுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில், எட்டடி தள்ளித் திண்ணைத் தூணில் கட்டிய பிறகுதான் கல்யாணி ராகம் முழுசாக விழுந்தது. பின்னால் வயல் மோட்டார் சத்தமும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் முறை, நிறுத்தச் சொல்ல முடியுமா?

பெரியப்பா ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்டார்.

"மைக்கெல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. வாய்ல வச்சு ஊதுற சீவாளிதான் சரியில்ல. நாளைக்கு வேற போட்டு எடுப்போம்."