பதினொரு வாரிசுகளும் ஓர் அரசமரமும்

மதுரையில் சிம்மக்கல் பக்கம் எங்கள் சந்தில், பக்கத்து வீட்டைப் பூட்டிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. மச்சுச் சுவரில் முளைத்த அரசங்கன்று இப்போது மரம். அதன் வேர் எங்கள் குளியலறைச் சுவரைப் பிளந்துகொண்டு, விரல் தடிமனில் உள்ளே எட்டிப் பார்க்கிறது. போன ஐப்பசி மழையில் உத்திரம் இற்று, மச்சு முழுவதும் ஒரே இரவில் உட்கார்ந்துவிட்டது. எதிர்வீட்டு ஆச்சி விடியும்வரை திண்ணையிலேயே இருந்தார்.

நான் பத்திர எழுத்தர். அந்த வீட்டின் தாய்ப் பத்திரத்தை நானே படித்திருக்கிறேன். நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தி தெளிவாக இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியம்கூட எழுதியிருக்கிறது. குறை பத்திரத்தில் இல்லை. வாரிசுகள் பதினொரு பேர். ஒருவர் திருப்பூரில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. தன் பங்கை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாமே என்று திருப்பூர்க்காரரிடம் கேட்டேன். "அண்ணே, விலை ஏறிக்கொண்டே போகிறது. இப்போது கையெழுத்துப் போட்டால் நான்தானே ஏமாளி?" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பத்துப் பேரை நம்பி முதலில் கையெழுத்திட யாருக்குத்தான் மனம் வரும்?

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் என்று ஓர் ஊர். 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர் அது. பின்னாளில் ஆலை வேலைகள் போய், மக்களும் போய், தெருத்தெருவாக வீடுகள் காலியாகின. வரிபாக்கி உள்ள சொத்தின் பேரில் உரிமை தீர்வதற்கு அங்கே ஆண்டுக்கணக்காகும். முடிந்த பிறகும் வில்லங்கம் தொங்கும். 1999-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சுமார் மூன்று ஆண்டில், நீதிமன்றத் தீர்ப்போடு, சொத்து வில்லங்கமின்றி மாவட்டத்தின் கைக்கு வந்தது. இப்படிக் கைக்கு வந்த சொத்துகளைக் கவனிக்கும் பொது அமைப்புக்கு நிலவங்கி என்று பெயர்; 2003-இல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். அந்த வங்கி இடியும் வீட்டை இடிக்கிறது, தேறும் வீட்டைப் பழுதுபார்த்து விற்கிறது, வீட்டை ஒட்டிய வெற்றுமனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே கொடுக்கிறது. இந்தக் கடைசி ஏற்பாடு என் மனத்தை விட்டு அகலவே இல்லை. அந்த மனையால் இத்தனை நாள் அவதிப்பட்டவர் அவர்தானே!

அதை அப்படியே மதுரைக்குக் கொண்டுவர முடியாது. யாருக்கும் வேண்டாம் என்பதால் ஃப்ளின்டில் வீடு பாழானது. மாசி வீதிகளுக்குள்ளோ எல்லோருக்கும் வேண்டும் என்பதால் பாழாகிறது. வரிபாக்கிக்காக இங்கே வீட்டைப் பறித்தால், விவரம் தெரியாத விதவையின் பங்குதான் முதலில் போகும். அதை நான் ஒப்பமாட்டேன்.

ஆனால் நம்மிடமும் வழி உண்டு. 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, கூறுபோட வசதிப்படாத சொத்தை, பாதிப் பங்குக்குக் குறையாதவர்கள் கேட்டால், விற்றுப் பணமாகப் பிரித்துக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்குப் போட ஆள் வேண்டும், அலைய ஆள் வேண்டும், காணாதவரைத் தேட ஆள் வேண்டும். அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது. மாநகராட்சி ஒரு நிலவங்கி வைத்து அந்த அலைச்சலைத் தன் தோளில் போட்டுக்கொள்ளட்டும். வாரிசுகளைத் தேடிப் பிடித்து ஒரு மேசையில் உட்காரவைக்கட்டும். வரிபாக்கியையும் செலவையும் விற்ற பணத்தில் கழித்துக்கொள்ளட்டும். வராதவரின் பங்கு நீதிமன்றத்தில் பத்திரமாக இருக்கட்டும். விற்க மனமில்லை என்றால் வங்கியே பழுதுபார்த்து வாடகைக்கு விட்டு, பங்குப்படி பணம் அனுப்பலாம். முதலில் கையெழுத்திட்டவர் ஏமாளி என்ற பயம் அப்போது திருப்பூர்க்காரருக்கு இருக்காது.

எங்களைச் சுற்றி ஐந்து சந்துகளில் இப்படிப் பூட்டிக் கிடப்பவை ஒன்பது வீடுகள். கதவு எண்ணோடு, தெரிந்தவரை வாரிசுகளின் ஊரோடு, ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை எங்கள் வார்டு கவுன்சிலரிடம் அதைக் கொடுக்கப் போகிறேன். ஆச்சியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.