லூ சுன் பார்க் காலை டைரி

மார்ச் 9, 2025, ஞாயிறு

கழுத்து வலின்னு போனா டாக்டர் சிஸ்டம் முன்னாடி உக்கார்றத குறைங்கன்னாரு, அத குறைச்சா சம்பளத்தையும் குறைச்சிடுவாங்களே. இங்க ஷாங்காய்ல வீட்டுக்குப் பக்கத்துலயே லூ சுன்ங்கிற சீன எழுத்தாளர் பேர்ல ஒரு பார்க் இருக்கு, ஹோங்கோ ஸ்டேடியம் மெட்ரோ ஒட்டினாப்ல. காலைல போனா உள்ள ஒரே சத்தம், ஒரு பக்கம் கோஷ்டியா பாட்டு, ஒரு பக்கம் தாய் சி, ஒரு தாத்தா பெரிய பிரஷ்ஷ தண்ணில தோச்சு தரையில எழுதிக்கிட்டிருக்காரு, வரி முடியறதுக்குள்ள முதல் எழுத்து காஞ்சு போயிடுது. மரத்தடியில ஒரு கூட்டம் பாதுவான்ஜின்ங்கிற பழைய சீன உடற்பயிற்சி பண்ணுது. எட்டே அசைவுதான், சோங் வம்ச காலத்துலயே இந்தப் பேர்ல இருந்திருக்கு. சொல்லிக் கொடுக்கிற பாட்டிய எல்லாரும் லாவ்ஷின்னுதான் கூப்பிடறாங்க, டீச்சர். பின்னாடி போயி நின்னேன், ஒண்ணும் கேக்கல, காலை கொஞ்சம் அகட்டி வைன்னு மட்டும் கையக் காட்டினாங்க.

மார்ச் 16, ஞாயிறு

முதல் அசைவு வானத்தைத் தாங்குறது. விரல கோத்து, நெஞ்சு வரைக்கும் தூக்கி, அங்க உள்ளங்கைய மேல திருப்பி அப்படியே தள்ளணும். பாக்க ஒண்ணுமில்ல, ஆனா முழங்கை நீள்ற அந்தக் கடைசி ரெண்டு செகண்ட்ல தோள்பட்டைக்கு நடுவுல எங்கயோ கட்டிப் போட்டிருந்தது அவுறுது. ரெண்டாவது வில் வளைக்கிறது. ஒரு கை கட்டைவிரலும் ஆள்காட்டியும் விரிச்சு வில்லப் பிடிக்குது, இன்னொரு கை நகம் மாதிரி வளைஞ்சு நாணை இழுக்குது, கீழ தொடை பாதி உக்காந்த நிலையில நடுங்குது. மூச்சு எப்ப இழுக்கணும் எப்ப விடணும்னு கேட்டேன். இப்ப அது வேணாம், சும்மா வர்ற மூச்சு வரட்டும், அசைவு படிஞ்சப்புறம் தானா சேரும்னாங்க. யூட்யூப்ல முதல் நிமிஷத்துலயே சக்தி, சக்கரம்னு ஆரம்பிக்கிறவங்க கொஞ்சம் இங்க வந்து பாக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

பக்கத்துல நிக்கிற தாத்தாவுக்கு நான் இந்தியான்னு தெரிஞ்சதும் யோகா பண்ணிக் காட்டுன்னு ஒரே அடம். ஸ்கூல்ல பி.டி. சார் சொல்லிக் கொடுத்த சூரிய நமஸ்காரம் பாதி வந்துச்சு, கைதட்டினாங்க. ராத்திரி வீடியோ கால்ல அம்மாகிட்ட சொன்னா, "தெரு முனையில இருந்த யோகா கிளாஸுக்குப் போடான்னா காலைல எந்திரிக்க மாட்டே, இப்ப சீனாவுல போயி ஆடுறியாக்கும்"னு.

ஏப்ரல் 4, வெள்ளி

சிங்மிங் லீவு, முன்னோர் கல்லறைக்குப் போற நாள். நான் சாங்ஷா ஊருக்கு வந்திருக்கேன். 1973ல இங்க மவாங்துய்ல மூணாவது கல்லறையத் தோண்டினப்ப ஒரு பட்டுத்துணி ஓவியம் கெடச்சுச்சு, துண்டு துண்டா. கல்லறை கி.மு. 168. 44 பேர், ஆம்பள பொம்பள ரெண்டும், ஆளுக்கு ஒரு உடற்பயிற்சி. அத ஒட்டிச் சேத்து வரைஞ்ச படத்த ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னேன். சில உருவத்துக்குப் பக்கத்துல எந்த நோய்க்குன்னு எழுதியிருக்கு, அதுல ஒண்ணு முட்டிவலி. பார்க்குல தெனமும் காதுல விழற முதல் விஷயமும் அதுதான். இத்தனை பழசா இருந்தும், பாதுவான்ஜின் மாதிரி மூச்சும் அசைவும் சேர்ந்த பயிற்சிக்கெல்லாம் ச்சிகோங்ங்கிற பேர் பொதுவா நிலைச்சது 1950கள்லதான், ஹெபெய்ல அரசாங்க சானட்டோரியத்துல வைத்தியமா பண்ண ஆரம்பிச்சப்ப.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்னைக்கு ஏழாவது, முஷ்டிய இறுக்கி கண்ண உருட்டி முறைச்சுக்கிட்டே குத்து விடறது. எழுபது வயசுப் பாட்டிங்க வரிசையா நின்னு முறைக்கிறாங்க, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல, லாவ்ஷி என்னையே முறைச்சாங்க.

முடிஞ்சு டீ ஃபிளாஸ்க்க திறந்து வச்சுக்கிட்டு அந்தத் தாத்தா எண்பதுகள் கதை சொன்னாரு. அப்ப நாடு பூரா ச்சிகோங் பைத்தியமாம், ஸ்டேடியத்துல ஆயிரக்கணக்குல உக்காந்து மாஸ்டர் பேச்ச கேட்டாலே உடம்புல ச்சி, அதாவது உயிர்ச்சக்தி, ஏறும்னு நம்பினாங்களாம், விண்வெளியில இருந்து சிக்னல் வாங்க தலையில அலுமினியப் பாத்திரத்த கவுத்துக்கிட்டு உக்காந்தவங்களும் உண்டு. அந்த ஃபோட்டோ நானும் பாத்திருக்கேன். 1999ல ஃபாலுன் கோங்ங்கிற ச்சிகோங் சார்ந்த ஆன்மிக இயக்கத்த தடை பண்ணினாங்க, அதப் பத்தி இங்க உக்காந்து நான் ரொம்ப எழுதல. அதுக்கப்புறம் 2003ல விளையாட்டுத் துறையே நாலு முறைய மட்டும் எடுத்து, மாய மந்திரம் எல்லாத்தையும் கழிச்சு, எல்லாருக்கும் ஒரே மாதிரி வகுத்துச்சு. நாங்க பண்றது அந்த நாலுல ஒண்ணு. அதான் இது கொஞ்சம் ஸ்கூல் டிரில் வாடை அடிக்குது, எனக்கு அது பிடிச்சிருக்கு.

மே 11, ஞாயிறு

இந்தப் பார்க்குலதான் லூ சுன் கல்லறையே இருக்கு, 1956ல இங்க மாத்தினது. அப்பாவோட நோய்க்கு நாட்டு வைத்தியர்ங்ககிட்ட காச இறைச்சு, கடைசியில அவங்கள்லாம் தெரிஞ்சோ தெரியாமலோ ஏமாத்துறவங்கன்னு எழுதின மனுஷன். அவர் பக்கத்துல நின்னுக்கிட்டு நாங்க மண்ணீரலையும் சிறுநீரகத்தையும் சரி பண்றோம். தாத்தாகிட்ட கேட்டேன், ச்சி நெசமாவே இருக்கான்னு. "உனக்கு நேத்து தூக்கம் வந்துச்சா?"ன்னாரு. வந்துச்சு. அவருக்கு அவ்வளவுதான் விஷயம்.

நான் கொஞ்சம் தேடிப் பாத்தேன். தூக்கம், பேலன்ஸ், முதுகுவலிக்கெல்லாம் பலன் இருக்குன்னு ஆய்வுகள் இருக்கு, ஆனா நிறைய சின்னச் சின்ன ஆய்வு, தரமும் சுமார்தான். மெதுவா அசைஞ்சு ஒழுங்கா மூச்சு விட்டா உடம்பு இளகும்ங்கிறதுக்கு எனக்கு ச்சி தேவைப்படல. பிபி மாத்திரைய நிறுத்திட்டு இதப் பண்ணுன்னு எவனாவது சொன்னா மட்டும் ஓடிடுங்க. எங்க லாவ்ஷியே பார்க்க விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி மாத்திரை டப்பாவ திறக்கிறவங்கதான்.

ஜூன் 22, ஞாயிறு

மேயூ மழை, இங்க கோடை ஆரம்பத்துல வர்ற மழைக்காலம், நசநசன்னு நிக்கவே மாட்டேங்குது, துணி காயல. கூரை போட்ட மண்டபத்துல ஒண்டிக்கிட்டுப் பண்ணினோம். எட்டாவது குதிகால தூக்கி தரையில விடறது, ஏழு தடவ, நூறு நோய் உதிரும்னு பாட்டு. எல்லாரும் ஒரே நேரத்துல விடறப்ப மண்டபத் தரை லேசா அதிருது.

கழுத்து முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா இப்பல்லாம் மதியம் மூணு மணிக்கு மேல கழுத்துப் பட்டை தேடறதில்ல. அடுத்த வாரத்துல இருந்து வூசின்சி ஆரம்பிக்கிறாங்களாம், புலி, மான், கரடி, குரங்கு, பறவை, பழைய மருத்துவர் ஹுவா துவோ பேர்ல வர்ற அஞ்சு மிருக ஆட்டம். குரங்குல பழம் பறிக்கிற கட்டம் ஒண்ணு இருக்கு, கண்ண இங்கிட்டும் அங்கிட்டும் உருட்டணும். என்னைத்தான் முன் வரிசையில நிக்கச் சொல்லியிருக்காங்க, ஏப்ரல்ல சிரிச்சதுக்குப் பழி வாங்குறாங்கன்னு நெனைக்கிறேன்.